காய்ந்த பிறகு தெரியும் நிறம்

மதுரை கோச்சடைப் பக்கம் புதிதாகக் கட்டிய வீடு. பூச்சு முடிந்து, டைல்ஸ் ஒட்டி, ஒயரிங்கும் இழுத்தாகிவிட்டது. இனி பெயிண்ட்தான் பாக்கி. ஹாலில் நாலு பிளாஸ்டிக் நாற்காலிகளை வட்டமாகப் போட்டுக் குடும்பம் மொத்தமும் உட்கார்ந்திருக்கிறது. நடுவில், விசிறி மாதிரி விரியும் ஷேடு கார்டு. மகள் ஒரு கட்டத்தில் விரல் வைத்திருக்கிறாள். அப்பா வேறு ஒரு பக்கத்தை மடக்கிப் பிடித்திருக்கிறார். கடைசியில் அப்பா ஜெயிக்கிறார். "மேஸ்திரி, இந்த நம்பரையே போட்டுருங்க."

மேஸ்திரி நம்பரைக் குறித்துக்கொள்ளவில்லை. எழுந்துபோய் ட்யூப்லைட்டை அணைத்தார். மூடிக்கிடந்த இரண்டு ஜன்னல்களையும் திறந்துவிட்டார். பிறகு வீட்டம்மாவைப் பார்த்துக் கேட்டார்:

"ஏன்க்கா, விளக்குத்தூண் பக்கம் பட்டுச்சேலை எடுக்கப் போறீங்க. கடைக்குள்ள பிரிச்சுக் காட்டுனதும் பில் போடச் சொல்லிருவீங்களா?"

"அதெப்படி? வாசலுக்குக் கொண்டாந்து வெளிச்சத்துல பார்க்காம யாராச்சும் எடுப்பாங்களா?"

"அதைத்தான்க்கா நானும் சொல்றேன். சேலையை வருஷத்துக்கு நாலு நாள் கட்டுவீங்க. இந்தச் சுவரை எட்டு வருஷம் தினமும் பார்க்கணும்."

மறுநாள் காலை மூன்று பிளைவுட் துண்டுகளோடு வந்தார். ஒவ்வொன்றும் 2 அடிக்கு 2 அடி. பட்டி பார்த்து, பிரைமர் அடித்து, வீட்டார் விரல் வைத்த மூன்று நிறங்களைப் பலகைக்கு ஒன்றாக இரண்டு கோட் அடித்துக் காயவைத்திருந்தார். ஜன்னலுக்கு எதிர்ச்சுவரில் ஒரு முறை, ஜன்னல் இருக்கிற சுவரிலேயே ஒரு முறை, இருட்டு மூலையில் ஒரு முறை என்று சாய்த்து வைத்துப் பார்க்கச் சொன்னார். காலை 8 மணி, உச்சிவேளை, மாலை 5 மணி, ராத்திரி விளக்குப் போட்ட பிறகு என நாலு வேளையும் பார்த்துவிட்டுப் போன் பண்ணுங்கள் என்று சொல்லிவிட்டு வேறு வேலைக்குக் கிளம்பிவிட்டார். அப்பா ஜெயித்த நிறம் அன்று ராத்திரி விளக்கில் தோற்றுப்போனது.

35 வருஷமாகச் சுவரோடு பழகியவர் இந்த மேஸ்திரி. நிறத்தைத் தேர்ந்தெடுக்க அவர் இத்தனை நேரம் எடுத்துக்கொள்வது சில வீடுகளில் எரிச்சலைக் கிளப்பும். அவர் விட்டுக்கொடுப்பதில்லை. நிறம் கார்டில் இல்லை, அந்த வீட்டின் வெளிச்சத்தில் இருக்கிறது என்பது அவர் கட்சி. அந்தப் பொறுமை அவருக்குச் சுண்ணாம்பிலிருந்து வந்தது.

அவருடைய அப்பா உசிலம்பட்டி, செக்கானூரணி வட்டாரத்தில் வெள்ளையடித்தவர். மார்கழி பிறந்துவிட்டால் போகி வரை மூச்சுவிட நேரம் இருக்காது. அரையாண்டு விடுமுறையில் பையனும் கூடப் போவான். சுண்ணாம்பு நீற்றுவது அவன் வேலை. கை கால்களில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு, சுட்ட சுண்ணாம்புக் கல்லைத் தகரப் பீப்பாயில் கொட்டித் தண்ணீர் ஊற்ற வேண்டும். கொஞ்ச நேரம் ஒன்றுமே நடக்காது. பிறகு அடியிலிருந்து ஒரு முனகல் கிளம்பும். கல் ஒவ்வொன்றாகப் பிளந்து, ஆவி பறந்து, அடுப்பில்லாமலேயே பீப்பாய் கொதிக்கும். கண்ணில் தெறித்தால் பார்வையே போய்விடும் என்பதால் அப்பா அவனைப் பத்தடி தள்ளி நிறுத்துவார். ஆறியதும் சாக்கில் வடிகட்டி, காய்ச்சிய வஜ்ரப் பசையை ஊற்றி, துணியில் முடிந்த நீலத்தை அலசிக் கலக்குவார். வஜ்ரம் போடாவிட்டால் சுவரில் சாய்ந்தவர் முதுகெல்லாம் வெள்ளையாகும். நீலம் போடாவிட்டால் வெள்ளை பழுப்படித்துத் தெரியும்.

முதன்முதலாக அப்பா வெள்ளையடிக்கும் மட்டையைக் கையில் கொடுத்த நாள் அவருக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஒரு திண்ணைச் சுவர். அடித்து முடித்துப் பார்த்தால், ஈரத்தில் பழைய சுவரைவிட மோசமாக, திட்டுத்திட்டாக, பழைய கறையெல்லாம் அப்படியே தெரிந்தது. பயந்துபோய் இன்னொரு கை அடிக்க மட்டையை முக்கியவனை அப்பா தடுத்தார். "போய்ச் சோறு தின்னுட்டு வாடா. அது வெளுக்கும்." சாப்பிட்டுத் திரும்பியபோது சுவர் வெளுத்துக்கொண்டிருந்தது. மறுநாள் வெயிலில் கண் கூசியது. சுண்ணாம்பு ஈரமாக இருக்கும்வரை துகள்களுக்கிடையே தண்ணீர் நிற்கும். வெளிச்சம் உள்ளே புகுந்து அடியிலுள்ள கறையைக் காட்டிக்கொடுக்கும். தண்ணீர் போய் அந்த இடத்தில் காற்று வந்ததும் வெளிச்சம் சிதறித் திரும்பும். அதன்பின் காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை வாங்கிக்கொண்டு சுண்ணாம்பு மறுபடியும் கல்லாக இறுகும். இந்த விளக்கமெல்லாம் அவருக்குப் பின்னால் தெரிந்தது. ஈரத்தைப் பார்த்து முடிவெடுக்கக் கூடாது என்பது அந்தத் திண்ணையிலேயே மனசில் ஏறிவிட்டது.

அந்தக் காலத்து வீடுகளில் ஏன் ஐந்தாறு நிறங்களே திரும்பத் திரும்ப வந்தன என்பதற்கும் சுண்ணாம்புதான் காரணம். வெள்ளை, வெளிர்நீலம், செங்காவி, மஞ்சள் காவி, மங்கலான ஒரு பச்சை. ரசனைக்கு வந்த பஞ்சமில்லை இது. சுண்ணாம்பு கடுமையான காரம்; அதில் விழுந்தால் பல சாயங்கள் செத்துப்போகும் அல்லது வேறு நிறமாகிவிடும். இதைச் சோதிக்க ஆய்வுக்கூடம் தேவையில்லை. ஆரத்திக்குத் தண்ணீர் கரைக்கிற எந்த வீட்டிலும் பார்க்கலாம்: மஞ்சள்தூளில் துளி சுண்ணாம்பு பட்டதும் ரத்தச் சிவப்பாகிவிடுகிறது. சுவருக்கு மஞ்சள் வேண்டுமென்று மஞ்சள்தூளைக் கலக்கினால் என்னவாகும் என்று யோசித்துக்கொள்ளலாம். காவி மண் இரும்பு ஆக்சைடு. காரத்தை அது கண்டுகொள்வதே இல்லை. துணிக்குப் போடும் நீலமான அல்ட்ராமரைனும் காரத்தைத் தாங்கும். விலைமதிப்புள்ள நீலக்கல்லை அரைத்துச் செய்துவந்த அந்த நிறத்தைப் பிரான்சிலும் ஜெர்மனியிலும் 1820களில் செயற்கையாகச் செய்யக் கற்றுக்கொண்ட பிறகுதான் அது உசிலம்பட்டிச் சந்தை வரை மலிவாக வந்து சேர்ந்தது.

இந்தப் பழைய பாடம் இன்றைய சிமெண்டுப் பூச்சுக்கும் பொருந்தும். புதுப் பூச்சும் காரம்தான். நீராற்றினால் வலு வரும். ஆனால் சுவருக்குள்ளே ஈரமும் காரமும் மாதக்கணக்கில் இருக்கும். கிரகப்பிரவேசத் தேதி நெருங்குகிறதென்று அவசரமாக எமல்ஷனை ஏற்றினால், ஆறு மாதத்தில் அடர்நிறச் சுவர் திட்டுத்திட்டாக வெளுக்கும், உப்புப் பூக்கும். அப்படி அவசரப்படுகிற வீடுகளுக்கு மேஸ்திரி சொல்வது ஒன்றுதான்: பிரைமரும் ஒரு கோட் வெள்ளையும் அடித்துக்கொண்டு பால் காய்ச்சிக் குடியேறுங்கள்; ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் போகட்டும்; நிறத்தை அப்புறம் முடிவு செய்வோம். அந்த ஒரு வருஷத்தில் எந்த அறையில் எப்போது வெயில் விழுகிறது, எங்கே உட்கார்ந்து காபி குடிக்கிறோம், எந்த மூலையில் ஓதம் ஏறுகிறது என்பதெல்லாம் வீட்டாருக்கே தெரிந்துவிடும். இதைக் கேட்டு நடந்தவர்களில் யாரும் பிறகு நிறத்தை மாற்றச் சொன்னதில்லை என்கிறார்.

டிஸ்டெம்பர் காலத்தில் அவர் கண் வேறு விதமாகப் பழகியது. மாசி வீதிப் பக்கத்துக் கடைகளில் வெள்ளை டிஸ்டெம்பர் பக்கெட்டும் சின்னச் சின்ன ஸ்டெயினர் பாட்டில்களும் வாங்கி, கையாலேயே கலக்க வேண்டும். கடைச் சுவரில் ஏஷியன் பெயிண்ட்ஸின் 'கட்டு' பையன், நெற்றியில் முடி விழ, தூரிகையும் டப்பாவுமாக நிற்பான். ஆர்.கே.லட்சுமண் 1954இல் வரைந்த அந்தப் பையனைப் பார்த்துத்தான் பிரஷ் பிடிக்கும் தோரணையைப் பழகினேன் என்று மேஸ்திரி சொல்வார். கலக்கியதைத் தினத்தந்தித் தாளில் ஒரு தீற்று தீற்றி, வெயிலில் காயவைத்துப் பார்த்துத்தான் அடுத்த சொட்டை விடுவார்கள். பாதிச் சுவரில் கலவை தீர்ந்துபோனால் அதே நிறத்தை மறுபடி கொண்டுவர முடியாது. அதனால் மொத்த வீட்டுக்கும் ஒரே அண்டாவில் கலக்குவது அப்போதைய வழக்கம். இப்போது மெஷினில் கலந்துவரும் டப்பாக்களையும், ஒரே அறைக்கென்றால், எல்லாவற்றையும் ஒரு பெரிய பக்கெட்டில் ஊற்றி ஒன்றாகக் கலக்கிய பிறகே ரோலரை முக்குகிறார். மெஷின் தப்பு செய்யாது என்று நம்பினாலும் இரண்டு டப்பாக்களுக்கிடையே நூலிழை வித்தியாசம் வருவதுண்டு. ஒரே சுவரின் நடுவில் அது கோடாகத் தெரியும்.

டின்டிங் மெஷின் வந்ததும் எல்லாம் மாறியது. ஐந்தாறு நிறம் இருந்த இடத்தில் ஆயிரக்கணக்கில் வந்து விழுந்தன. வெள்ளையிலேயே பக்கம் பக்கமாக இருக்கிறது. மேஸ்திரியின் கைவேலை குறைந்தது. தேர்ந்தெடுப்பவர்களின் திணறல் கூடியது. கூடவே இன்னொரு தலைகீழ் மாற்றமும் நடந்தது. சுண்ணாம்பு காயக் காய வெளுக்கும் என்றால், எமல்ஷன் காயக் காய அழுத்தமாகும். எமல்ஷன் என்பதே பிசின் துளிகள் தண்ணீரில் மிதக்கும் பால். அந்தப் பால்வெண்மை ஈரத்தில் நிறத்தை வெளிறச் செய்யும். தண்ணீர் போய்ப் பிசின் கண்ணாடிபோல் தெளிந்ததும் அடியிலிருக்கும் நிறம் எழுந்து நிற்கும். வேலை நடக்கும்போது எட்டிப் பார்த்துவிட்டு, "இன்னும் கொஞ்சம் டார்க்கா இருந்தா நல்லாருக்குமே" என்று சொல்கிற வீட்டாரை அவர் மொட்டைமாடிக்கு அனுப்பிவிடுவார். "மத்தியானம் வந்து பாருங்க சார்."

இத்தனை தெரிந்தவரும் ஒரு முறை சறுக்கியிருக்கிறார். அதை அவரே எல்லோரிடமும் சொல்வார், சொல்லும்போது குரல் தாழ்ந்துவிடும். சுமார் 20 வருஷத்துக்கு முன்பு, ஒரு வீட்டில் பத்து வயதுப் பெண்பிள்ளைக்குத் தனியறை. அந்தப் பிள்ளையே கார்டில் ஓர் இளம் ரோஸைத் தொட்டுக் காட்டியது. கார்டில் அது அவ்வளவு மென்மை. மேஸ்திரியும் சரியென்று தலையாட்டி, அதே நம்பரை நாலு சுவருக்கும் அடித்தார். இரண்டாவது கோட் காய்ந்த மறுநாள் கதவைத் திறந்த பிள்ளை உள்ளே வராமல் நிலைப்படியிலேயே நின்றுவிட்டது. அறை முழுக்க ரோஸ்மில்க்கை ஊற்றிவிட்ட மாதிரி. பிள்ளையின் வெள்ளைச் சட்டைகூட ரோஸாகத் தெரிந்தது. "நான் இதைக் கேக்கல மாமா" என்று சொன்னதே தவிர அழவில்லை. அழுதிருந்தால்கூடத் தேவலை என்கிறார்.

என்ன நடந்தது என்பதைக் கணக்குப் போட்டே புரிந்துகொள்ளலாம். 10 அடிக்கு 12 அடி அறை, 10 அடி உயரம். நாலு சுவரும் சேர்ந்து 440 சதுர அடி. கதவு, ஜன்னலுக்கு 60 போக 380. கார்டிலிருந்த துண்டு 1 அங்குலத்துக்கு 2 அங்குலம். 27,000 மடங்குக்கு மேல் பெருக்கப்பட்ட நிறத்தைப் பார்த்துத்தான் பிள்ளை திகைத்து நின்றது. அளவு மட்டும் இல்லை. எதிரெதிர்ச் சுவர்கள் ஒன்றின்மேல் ஒன்று வெளிச்சத்தை எறிகின்றன. ரோஸ் சுவரில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் ரோஸ். அது எதிரிலுள்ள ரோஸ் சுவரில் மறுபடி பட்டு இன்னும் ரோஸாகத் திரும்புகிறது. தரையில் வெள்ளை டைல்ஸ் வேறு. அது தன் பங்குக்கு எல்லாவற்றையும் மேலே தூக்கி அனுப்பியது. கார்டைச் சுற்றி வெள்ளைத் தாள் இருக்கிறது, சுவரைச் சுற்றிச் சுவர்தான் இருக்கிறது.

அந்த அறையைத் தன் செலவில் திரும்ப அடித்துக்கொடுத்தார். மூன்று சுவருக்குச் சாம்பல் தொட்ட வெள்ளை. கட்டிலுக்குத் தலைமாட்டுச் சுவரில் மட்டும், அதே பட்டையில் இரண்டு படி மேலே இருந்த மிக வெளிர் ரோஸ். கூடுதலாக மூன்று லிட்டர் பெயிண்ட், இரண்டு நாள் கூலி. அன்றிலிருந்து அவர் கைவிடாத வழக்கம்: கார்டில் மனசுக்குப் பிடித்த நிறத்தைக் கண்டுபிடி, அதிலிருந்து ஒன்றோ இரண்டோ படி வெளிறிய பக்கம் போ, இரண்டில் எது கொஞ்சம் அழுக்காகத் தெரிகிறதோ அதை எடு. 'அழுக்கு' என்று அவர் சொல்வது சாம்பல் கலந்த நிறத்தை. கார்டில் சோர்ந்து தெரிகிற அந்த நிறம் சுவரில் ஏறியதும் தெளிந்துவிடும். கார்டிலேயே துள்ளுகிற நிறம் சுவரில் ஆளை உட்கார விடாது.

வெளிச்சத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் அவர் நிறுத்துவதில்லை. வெளிநாட்டுப் புத்தகங்களிலும் படக்காட்சிகளிலும் 'வடக்கு ஜன்னல் அறைக்குக் குளிர்ந்த வெளிச்சம், அதனால் கதகதப்பான நிறம் அடி' என்று சொல்வார்கள். ஐரோப்பாவில் உச்சிவேளைச் சூரியன் எப்போதும் தெற்கே நிற்பதால் அங்கே அது சரி. மதுரை கிட்டத்தட்ட 10 பாகை வட அட்சத்தில் இருக்கிறது. சித்திரைத் தொடக்கத்தில் ஒரு முறை, ஆவணியில் ஒரு முறை சூரியன் நேர் உச்சிக்கு வருகிறது. இடைப்பட்ட நாலு மாதமும் உச்சிவேளையில் அது வடக்கே சாய்ந்து நிற்கிறது. அக்கினி நட்சத்திர வெயில் நம்மூர் வடக்கு ஜன்னல் வழியாகவும் எட்டிப் பார்க்கும். வடக்கறையென்று நினைத்து ஆரஞ்சுச் சாயலில் சுவரடித்தவர்கள் வைகாசியில் வெந்துபோவார்கள். இங்கே கவனிக்க வேண்டியது மேற்கு. மூன்று மணிக்கு மேல் தாழ்ந்து வரும் வெயிலே மஞ்சள். அந்த அறைச் சுவரும் மஞ்சளாக இருந்தால் சாயங்காலம் அடுப்புக்குள் உட்கார்ந்த மாதிரி இருக்கும். மேற்கறைக்கு நீலமோ பச்சையோ தொட்ட சாம்பலைத்தான் அவர் முதலில் எடுத்து நீட்டுவார்.

வீட்டுக்குள் வரும் வெளிச்சம் சூரியனிடமிருந்து நேராக வருவதும் குறைவு. விளாங்குடியில் ஒரு மாடி வீடு. படுக்கையறைக்கு அழகான சந்தன வெள்ளை அடித்திருந்தார்கள். ஒரு வருஷம் ஒரு குறையும் இல்லை. பிறகு ஒரு நாள் வீட்டுக்காரர் கூப்பிட்டார். "மேஸ்திரி, பெயிண்ட் நிறம் மாறிப்போச்சு. மட்டமான சரக்கா?" போய்ப் பார்த்தால், காலை பத்து மணிக்குச் சுவர் உண்மையிலேயே ஆரஞ்சாக இருந்தது. மேஸ்திரி ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். ஆறடிச் சந்துக்கு அந்தப் பக்கம், பக்கத்து வீட்டுக்காரர் தன் வெளிச்சுவருக்குப் புதிதாகப் பளபளவென்று ஆரஞ்சு அடித்திருந்தார். வெயில் அந்தச் சுவரில் விழுந்து, ஆரஞ்சாகி, ஜன்னல் வழியே உள்ளே வந்துகொண்டிருந்தது. ஒரு வெள்ளைத் தாளைச் சுவரோரம் பிடித்துக் காட்டினார். தாளும் ஆரஞ்சாகத் தெரிந்தது. பக்கத்து வீட்டோடு சண்டைக்குப் போகாமல் ஜன்னலுக்கு எதிர்ச்சுவரை மட்டும் நீலம் தொட்ட சாம்பலாக மாற்றினார்கள். பகலில் அந்தச் சுவர் ஆரஞ்சு வெளிச்சத்தை விழுங்கிக்கொண்டு சாதுவாக நிற்கிறது. ராத்திரியில் கொஞ்சம் நீலமாகத் தெரியும். அதுவும் அவர்களுக்குப் பிடித்துவிட்டது.

ஜன்னலோரம் வேப்பமரம் இருந்தால் சுவரில் பச்சை ஏறும். ரெட் ஆக்சைடு தரையிருந்தால் சுவரின் கீழ்ப்பாதி சிவக்கும். ராத்திரிக்கு பல்பு. எல்.இ.டி. பெட்டியின் மேலேயே 2700, 4000, 6500 கெல்வின் என்று அச்சிட்டிருக்கும். நம் வீடுகளில் பெரும்பாலும் மாட்டுவது 6500, நீலமடிக்கும் வெள்ளை. மாலையில் இதமாக இருந்த சந்தன நிறம் அதன் கீழே நோயாளி மாதிரி வெளிறும். நிறம் பார்க்க வருகிறவர்களிடம் மேஸ்திரி கேட்கும் முதல் கேள்விகளில் ஒன்று, "என்ன பல்பு போடப் போறீங்க?" அது முடிவாகாமல் ஷேடு கார்டைக் கையில் எடுக்கவே கூடாது. ஐந்து லிட்டர் பெயிண்டை மாற்றுவதைவிட ஒரு பல்பை மாற்றுவது எளிது என்று பல வீடுகளில் பல்பை மாற்றியே பிரச்சினையைத் தீர்த்திருக்கிறார்.

பக்கத்திலிருக்கும் நிறமும் சுவரை மாற்றும். கரும்பச்சைத் திரைச்சீலையை மாட்டியதும் சாம்பல் சுவரில் லேசான ரோஸ் தெரிகிறதென்று ஒரு வீட்டம்மா சொன்னபோது சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். மேஸ்திரி சிரிக்கவில்லை; அவர் கண்ணுக்கும் தெரிந்தது. பாரீசில் கோபெலின் நெசவுக்கூடத்தின் சாயப்பட்டறைக்குப் பொறுப்பாக இருந்த வேதியியலாளர் ஷெவ்ரல், கறுப்பு நூல் சோபையில்லை என்று வந்த புகாரைத் தோண்டப்போய் இதே இடத்துக்குத்தான் வந்து சேர்ந்தார். நூலில் குறையில்லை, பக்கத்தில் ஓடிய நிறம் அதை மாற்றிக் காட்டியது. 1839இல் அதைப் பெரிய நூலாகவே எழுதினார். காஞ்சிபுரத்திலோ ஆரணியிலோ தறியில் உட்கார்கிற யாரைக் கேட்டாலும், சேலையின் உடலுக்கு எந்த நிறக் கரை எடுக்கும், எது அமுக்கும் என்று சொல்வார்கள். திரைச்சீலை, சோபா உறை, கதவின் வார்னிஷ் எல்லாவற்றையும் பார்த்த பிறகே சுவருக்கு வர வேண்டும். துணி ஐம்பது நிறத்தில் கிடைக்கும், பெயிண்ட் ஆயிரத்தில் கிடைக்கும். குறைவாகக் கிடைப்பதை முதலில் முடிவு செய்துகொள்வது புத்தி.

இந்த வரிசையை அவருக்குச் சொல்லிக்கொடுத்தது காரைக்குடிக்கு அருகே ஒரு வீட்டின் ஆச்சி. பெரிய செட்டிநாட்டு வீடு. சென்னையிலிருந்து வந்த பேரன்மார்கள் முற்றத்தைச் சுற்றிய வளவுச் சுவர்களுக்குப் பட்டி பார்த்து, ஒரு சுவரில் அடர்சாம்பல் அடிக்கலாம் என்று பேசிக்கொண்டிருந்தார்கள். ஆச்சி தூணோரம் உட்கார்ந்து கேட்டுக்கொண்டே இருந்தவர், கைத்தடியால் தரையைத் தட்டினார். "தரையைப் பாருங்கப்பா. அது பேசிக்கிட்டிருக்கு. சுவரும் பேசுனா சந்தைக்கடை ஆயிரும்." ஆத்தங்குடிக் கல் பதித்த தரை. கண்ணாடித் தகட்டின் மேல் அச்சு வைத்து, வண்ணச் சிமெண்டுக் குழம்பைக் கையால் ஊற்றிச் செய்யும் கல். சிவப்பும் பச்சையும் மஞ்சளுமாகப் பூக்கள் விரிந்திருந்தன. எண்பது வருஷத்துக் கால்கள் தேய்த்த பளபளப்பு. அந்தத் தரைக்கு மேலே சுவர் ஒன்றும் செய்யாமல் நிற்பதே அழகு.

சுவரைத் தொட்டுப் பார்த்த மேஸ்திரியும் ஆச்சி பக்கம் சேர்ந்துகொண்டார். முட்டை வெள்ளைக்கரு, கடுக்காய், வெல்லம் சேர்த்து அரைத்துப் பூசிய சுண்ணாம்புச் சுவர், கன்னம் மாதிரி வழுவழுப்பு. அதன்மேல் பட்டியும் அக்ரிலிக் எமல்ஷனும் ஏற்றினால் சுவர் மூச்சுவிட வழியில்லாமல் போகும். உள்ளே ஏறுகிற ஈரம் வெளியேற முடியாமல் பெயிண்டை அப்பளமாக உப்பவைத்து உரித்துத் தள்ளும். பேரன்மார் ஒத்துக்கொண்டார்கள். மழைத்தண்ணீர் இறங்கிக் கெட்டுப்போன இரண்டு இடங்களை மட்டும் சுண்ணாம்பாலேயே பூசி, மேலே மெல்லிய சுண்ணாம்புப் பால் கொடுத்தார். அன்று மாலை ஆச்சி வந்து பார்த்தார். ஒட்டுப்போட்ட இடம் ஈரத்தில் சாம்பல்நிறப் படையாகத் தெரிந்தது. அவர் முகம் மாறியது. "கெடுத்துப்பிட்டியேப்பா."

"மூணு நாள் பொறுங்க ஆச்சி. அது வெளுக்கும்."

மூன்றாம் நாள் ஆச்சிக்கு அந்த இடத்தைக் கண்டுபிடிக்க முடியவில்லை. கையால் தடவிப் பார்த்துத்தான் கண்டுபிடித்தார்.

அடர்நிறம் அறையைச் சிறிதாக்கும் என்று எல்லோரும் சொல்வதை அவர் முழுக்க ஏற்பதில்லை. மதுரையின் பழைய தெருக்களில் ரயில்பெட்டி மாதிரி அகலம் குறைந்து நீளமாக ஓடும் வீடுகள் உண்டு. அதன் கடைசிச் சுவருக்கு அடர்நீலமோ செங்காவியோ கொடுத்தால் அந்தச் சுவர் நம்மை நோக்கி நகர்ந்து வந்து, நீளம் அடங்கி, அறை சதுரமாகத் தோன்றும். ஆனால் அடர்நிறத்துக்குச் செலவு உண்டு. வெளிர்நிறப் பெயிண்டில் டைட்டானியம் டை ஆக்சைடு என்ற வெள்ளைப்பொடி நிறைய இருக்கும். சுவரை மூடுவது அதுதான். கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் பிரித்தெடுக்கிற இல்மனைட் கருமணல்தான் அந்த வெள்ளைக்கு மூலப்பொருள். கறுப்பு மணலுக்குள் அத்தனை வெள்ளை. அடர்நிறம் கலக்க எடுக்கும் பேஸ் பெயிண்டில் அந்தப் பொடி குறைவு. அதனால் சிவப்பும் மஞ்சளும் இரண்டு கோட்டில் மூடாது. மூன்று, சில நேரம் நாலு ஆகும். எஸ்டிமேட் போடும்போதே இதைச் சொல்லிவிடுவது அவர் பழக்கம்.

பளபளப்பைப் பற்றி ஒரே ஒரு சோதனை. ராத்திரியில் செல்போன் டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பிடித்து, நீளவாக்கில் அடித்துப் பாருங்கள். கொத்தனார் விட்ட மேடும் பள்ளமும் கடல் அலையாகத் தெரியும். அப்படித் தெரிகிற சுவருக்கு ஷீன் வேண்டாம், மேட் அடியுங்கள். பளபளப்பு ஒவ்வொரு மேட்டையும் எடுத்துக்காட்டும். சமையலறையும் மாடிப்படி ஓரமும் விதிவிலக்கு. தாளிப்புப் புகையும் கைக்கறையும் ஏறுகிற இடத்தில் துடைக்க முடிய வேண்டும்.

ஓதம் ஏறிய சுவரை எந்த நிறமும் மறைக்காது. கசிவை அடைக்காமல் அடர்நிறம் அடிக்கச் சொல்பவர்களின் வேலையை அவர் ஒப்புக்கொள்வதில்லை.

பழைய எனாமல் கதவுகளைச் சுரண்டும்போது தன்னிடம் வேலை செய்யும் பையன்களிடம் அவர் கடுமையாக இருப்பார். ஒரு காலத்தில் பளிச்சென்ற மஞ்சள், ஆரஞ்சு எனாமல்களின் பளிச்சு பலவும் ஈயச் சேர்மங்களிலிருந்து வந்தது. வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பி.பி.எம்., அதாவது லட்சத்துக்கு 9 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற மத்திய அரசின் விதி 2016இல் வந்து, 2017 நவம்பர் 1 முதல் நடைமுறையானது. அதற்கு முன் அடித்த கதவு எத்தனையோ வீடுகளில் அப்படியே நிற்கிறது. அதை உலர்வாக உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் தூள் பறந்து தரையில் படியும். தவழ்கிற குழந்தை அதை நக்கும். ஈரம் தொட்டுத் தேய்க்க வேண்டும், நல்ல முகமூடி போட வேண்டும், குழந்தையை அன்றைக்குப் பாட்டி வீட்டுக்கு அனுப்ப வேண்டும். அவரே இளம்வயதில் அந்தத் தூளையெல்லாம் வெறும் மூக்கில் வாங்கியவர்.

வாஸ்து பார்த்து நிறம் கேட்பவர்களோடு அவர் வாதாடுவதில்லை. பச்சைதான் வேண்டுமென்றால் அந்தப் பச்சைக்குள்ளேயே நூறு இருக்கிறது. வீட்டு வெளிச்சத்துக்கு ஒத்துப்போகும் ஒன்றைக் கண்டுபிடித்துக் கொடுப்பார். அவர் பிடிவாதம் பிடிப்பது வேறு இடத்தில்: வயதானவர்கள் இருக்கிற அறையில். வயதாக ஆகக் கண்ணின் லென்ஸ் மஞ்சளடிக்கிறது. நெருங்கிய வெளிர்நிறங்களைப் பிரித்தறிவது கஷ்டமாகிறது. கோச்சடை வீட்டிலும் ஒரு தாத்தா இருந்தார். அவர் அறைக்கு எல்லோரும் சேர்ந்து க்ரீம் நிறம் சொன்னார்கள். பாத்ரூம் கதவும் க்ரீம், ஸ்விட்ச் போர்டும் வெள்ளை. மேஸ்திரி அந்த வீட்டில் அவராகச் சொன்ன ஒரே நிறம் அந்தக் கதவுக்குத்தான். அடர்பழுப்பு, நிலைக்கும் சேர்த்து. ஸ்விட்ச் போர்டைச் சுற்றி அதே பழுப்பில் இரண்டு விரல் பட்டை. "ஆஸ்பத்திரி மாதிரி கோடு போட்டிருக்கீங்களே" என்றாள் மகள். அன்று ராத்திரி தாத்தா சுவரைத் தடவாமல் எழுந்து போய்வந்தார். மறுநாள் காலை அவரே சொன்னார்: "கதவு தெரியுதுப்பா."

அந்த வீட்டு ஹாலுக்குக் கடைசியில் தேர்வான நிறம் எது தெரியுமா? மூன்றாவது பலகை. மகளும் இல்லை, அப்பாவும் இல்லை. வீட்டம்மா நாலு வேளையும் பார்த்துவிட்டுச் சொன்ன, கார்டில் விரல் வைத்தபோது யாரும் பொருட்படுத்தாத சாம்பல் தொட்ட வெளிர்பச்சை. வேலை முடிந்த கடைசி நாள், பரண் கதவின் உட்பக்கம் மேஸ்திரி பென்சிலால் எழுதினார்: எந்த அறைக்கு எந்தக் கம்பெனி, நம்பர், எந்த பேஸ், எத்தனை கோட், மாதம், வருஷம். மிச்சமிருந்த அரை லிட்டரைச் சின்ன டப்பாவில் ஊற்றி, மூடியின் மேல் அதே பெயிண்டில் ஒரு தீற்று தீற்றி, அது காயும்வரை மாடிப்படியில் உட்கார்ந்திருந்தார்.